போரில்லாக் காலத்தில் இருமுறை பதக்கம் பெற்ற மாலுமி: ஓர் ஐயம்

மண்டபம் ஆசிரியர்:
ராபர்ட் அகஸ்டஸ் ஸ்வீனி என்னும் கறுப்பின மாலுமி அமெரிக்கப் படையினருக்கான மிக உயர்ந்த பதக்கமான மெடல் ஆஃப் ஹானரை இருமுறை பெற்றார் என்றும், இரண்டும் போரில்லாக் காலத்தில் கிடைத்தவை என்றும் வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவன் எழுந்து, "எதிரியே இல்லாமல் போர்ப் பதக்கம் எப்படி, ஐயா?" என்று கேட்டான். எனக்கு விடை வரவில்லை. அறிந்தவர்கள் விளக்கினால் திங்கட்கிழமை அவனிடம் சொல்லிவிடுவேன்.

தொண்டி வாசகர்:
ஐயா, 1861இல் கடற்படைக்காக அப்பதக்கத்தை ஏற்படுத்திய சட்டம், போரில் காட்டும் வீரத்தோடு மாலுமிக்குரிய பிற தகுதிகளையும் சேர்த்தே குறிப்பிட்டது. கடற்படையிடம் அப்போது வேறு பதக்கம் இல்லாததால், கடலில் விழுந்தவனைத் தூக்கியவனுக்கும் அதையே கொடுத்தார்கள். ஸ்வீனி 1881 அக்டோபர் 26 அன்று, வர்ஜீனியாக் கரையோரத்து ஹாம்ப்டன் ரோட்ஸ் துறைமுகப் பகுதியில் நின்ற கியர்சார்ஜ் கப்பலிலிருந்து தவறி விழுந்த சக மாலுமியை மீட்க, நீரோட்டம் கடுமையாக இருந்தபோதே குதித்தார். 1883 டிசம்பர் 20 அன்று நியூயார்க் கடற்படைத் தளத்தில் ஜேம்ஸ்டவுன் கப்பலிலிருந்து விழுந்த ஒருவரைக் காப்பாற்றியதற்கு இரண்டாவது பதக்கம். இருமுறை பெற்ற 19 பேரில் கறுப்பினத்தவர் அவர் ஒருவரே. போர் சாராத துணிவுக்கென அக்கடற்படைக்குத் தனிப் பதக்கம் வந்தது 1942இல்தான்.

பாம்பன்காரன்:
நீரோட்டம் என்றால் என்னவென்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாடைக் காலத்தில் பாம்பன் பாலத்தடியில் தண்ணீர் தெற்கே இழுக்கும்போது, விழுந்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவன் தூணைத் தாண்டியிருப்பான். நீந்தத் தெரிந்தால் மட்டும் போதாது. மூழ்குகிறவன் காப்பாற்ற வந்தவனின் கழுத்தைத்தான் கட்டிக்கொள்வான் என்பதால், பின்பக்கமாகப் போய்த் தலைமுடியைப் பற்ற வேண்டும் என்று என் தந்தையார் சொல்லித் தந்தார். (இக்காலப் பையன்களின் முடிவெட்டுக்கு அது உதவாது என்பது வேறு விஷயம்.) டிசம்பர் மாதத்து நியூயார்க் தண்ணீரின் குளிரை நினைத்தாலே எனக்கு உடம்பு நடுங்குகிறது.

மண்டபம் ஆசிரியர்:
இருவருக்கும் நன்றி. அந்த மாணவனின் அப்பா நாட்டுப்படகுக்காரர். ஆகவே, இங்கே அப்படிக் குதிப்பவர்களுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்றுதான் அவன் அடுத்துக் கேட்பான்.

தொண்டி வாசகர்:
உயிர் காத்தவர்களுக்கென நடுவண் அரசு 1961இல் தொடங்கிய ஜீவன் ரக்ஷா பதக்கங்கள் மூன்று நிலைகளில் உள்ளன. மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும். ஆனால் கரைக்கு வந்ததும் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறவருக்காக மனு எழுத ஆள் வேண்டுமே, ஐயா.