தகவமைப்புப் பரவலா, தகவமைப்புக் கிளைப்பா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஒரு மூதாதை வெவ்வேறு சூழல்களுக்கு ஏற்பப் பல சிற்றினங்களாகப் பிரிவதை ஆங்கிலத்தில் adaptive radiation என்கிறார்கள். தீவுத் தாவரக் கட்டுரையில் அதற்குத் தமிழாக நீங்கள் முன்வைத்த 'தகவமைப்புப் பரவல்' எனக்கு உடன்பாடில்லை. பரவல் என்றால் இடம்விட்டு இடம் போவது. விதை கடல் தாண்டித் தீவுக்கு வருவதற்கே அந்தச் சொல் வேண்டும். ஹவாய்த் தீவுகளின் வெள்ளிவாள் (silversword) செடிக் கூட்டத்தைப் பாருங்கள். கலிபோர்னியாவிலிருந்து வந்த ஒரே மூதாதையின் வழியில் இன்று சுமார் 30 சிற்றினங்கள். ஹலேயகலா எரிமலை உச்சியில் வெள்ளி மயிர் போர்த்த இலைகளோடு பல்லாண்டுகள் தரையோடு கிடந்து, ஒரே ஒருமுறை ஆளுயரத் தண்டு விட்டுப் பூத்துப் பட்டுப்போகிறது ஒன்று. அதன் உறவிலேயே மரமுண்டு, கொடியுண்டு, சதுப்பில் திண்டாக வளரும் குறுஞ்செடியும் உண்டு. வந்து சேர்ந்தது பரவல். அதன்பின் நடந்தது கிளைப்பு. ஆகவே 'தகவமைப்புக் கிளைப்பு' என்பது என் பரிந்துரை.

இதற்கே மேலூர் நண்பர் சொன்ன 'தூர் கட்டுதல்' அழகான சொல்தான். ஆனால் ஒரு நெல்லிலிருந்து எத்தனை தூர் வெடித்தாலும் அத்தனையும் அதே நெல்.

அடுத்து, இரண்டு இனங்கள் கலந்து புது இனம் பிறப்பதற்கு (hybrid origin) நீங்கள் எழுதிய 'கலப்பினத் தோற்றம்'. எங்கள் திருமங்கலம் கரிசலில் கலப்பினம் என்றால் கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதை. அதன் அடுத்த தலைமுறை ஒரே சீராக வராது. ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டும். வெள்ளிவாளின் மூதாதை அப்படிப்பட்டதல்ல. கலிபோர்னியாவின் இரண்டு செடி வழிகள் கலந்தபோது இரண்டின் குரோமோசோம் தொகுதிகளும் முழுதாகத் தங்கிவிட்டன. அதனால் அது வளமாக விதை கட்டி, தன்னைப் போலவே பெருகியது. இதற்குச் சான்று நம் பருத்தியிலேயே இருக்கிறது. நம் நாட்டுப் பருத்தியான கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம். இன்று எங்கும் விதைக்கிற அமெரிக்கப் பருத்திக்கு 52. கருங்கண்ணியின் உறவு வழியொன்றும் அமெரிக்கக் காட்டுப் பருத்தி வழியொன்றும் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முன் கலந்து நிலைத்த செடி அது. ஹவாயின் சொந்தக் காட்டுப் பருத்திக்கும் 52 தான்! கலப்பு என்பது இங்கே என்றோ நடந்த நிகழ்ச்சி, இனத்தின் பெயரன்று. எனவே 'கலப்புவழித் தோற்றம்' என்று எழுதலாம். இப்படிக் குரோமோசோம் தொகுதிகள் இரண்டுக்கு மேல் இருப்பதைக் குறிக்கும் 'பன்மடியம்' (polyploidy) பாடநூலில் பழகிய சொல், இருக்கட்டும்.

கிளைப்பு என்றதும் செடி கிளை விடுவதாக மாணவர் எண்ணக்கூடும். கட்டுரையில் முதலில் வரும் இடத்தில் மட்டும் 'ஒரு மூதாதை பல சிற்றினங்களாகக் கிளைத்தல்' என்று விரித்து எழுதிவிட்டால் போதும்.

அன்புடன்,
திருமங்கலத்திலிருந்து