மெஸி 135: இன்ஜெக்டரைக் கழற்றி நொசில் மாற்றுவது எப்படி?

கந்தப்பளை_மரக்கறி:
மெஸி பெர்குசன் 135 டிராக்டர், மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் இன்ஜின், சிஏவி இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் கருவி). காலையில் வெள்ளைப் புகை, ஐட்லில் தட்டல். கிழங்கு மூட்டையோடு மேட்டில் ஏறினால் கருப்புப் புகை. நொசில் (அதன் துவாரமுள்ள நுனி) மட்டும் வாங்கி நாமே மாற்றலாமா? செப்பு வொஷரைத் திரும்பப் போடலாமா?

பம்ப்_பெஞ்ச்:
முதலில் எது கெட்டதென்று பாருங்க. ஐட்லில் ஓடும்போது இன்ஜெக்டர் பக்கம் உள்ள ஹை பிரஷர் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்துங்க, மேலே துணியைச் சுற்றி. எதைத் தளர்த்தினால் சத்தம் மாறுதோ அது வேலை செய்யுது. மாறாததுதான் உங்க ஆள்.

கழற்றும் முன் சுற்றியிருக்கும் மண்ணை டீசல் ஊற்றிக் கழுவணும். பைப் வாய்களை உடனே மூடிடுங்க. இன்ஜெக்டரை இன்ஜினோடு பிடிக்கும் பிளேன்ஜின் இரண்டு நட்டையும் மாறி மாறித் தளர்த்துங்க. இறுகிப் போயிருந்தால் எண்ணெய் விட்டு ஊறவைத்து இடம் வலமாகத் திருப்பணும், கம்பியால் நெம்பக் கூடாது.

பழைய செப்பு வொஷர் அநேகமாக சிலிண்டர் ஹெட்டில் இன்ஜெக்டர் இருந்த குழிக்குள்ளேயே தங்கிடும். வளைத்த கம்பியால் எடுங்க. அதைக் கவனிக்காமல் மேலே புதுசைப் போட்டால் நொசில் உயர்ந்து, டீசல் பிஸ்டன் குழியில் தப்பான இடத்தில் விழும். வொஷர் எப்போதும் புதுசு. விலை ஒன்றும் பெரிசில்லை.

பிரிக்கும்போது மேல் மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் அட்ஜஸ்ட் ஸ்குரூவை முழுக்கத் தளர்த்திய பிறகுதான் நொசில் நட்டைத் தொடணும். ஸ்பிரிங் அழுத்தத்தோடு திருப்பினால் டவல் பின் (நொசிலை இடம் மாறாமல் பிடிக்கும் சின்ன ஆணி) வளையும், ஒட்டும் முகம் கீறும். உள்ளே இருக்கும் ஊசியும் நொசிலும் ஜோடியாகத் தேய்த்தவை, ஒன்றின் ஊசி இன்னொன்றுக்குப் போகாது. கரியைப் பித்தளைப் பிரஷால் எடுங்க, எமரி தாள் வேண்டாம். சுத்தமான டீசலில் நனைத்து, சாய்த்துப் பிடித்து ஊசியை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து விட்டால், அது தானாக வழுக்கி உள்ளே இறங்கணும். நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் போயிருக்கு, தூக்கிப் போடுங்க.

ஹட்டன்_வேர்க்ஷொப்:
அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனா இன்ஜெக்டர் திறக்கும் பிரஷரை செட் பண்ண, பிரஷர் ஏற்றி அளக்கும் டெஸ்டர் வேணும். அது இல்லாமல் ஸ்குரூவைச் சும்மா இறுக்கக் கூடாது. ஹோல்டரில் (இன்ஜெக்டர் உடம்பில்) உள்ள குறியீட்டை மெனுவலோடு ஒப்பிடுங்க. இந்த இன்ஜினில் பரவலாக இருப்பது புதுசுக்கு 185 அட்மொஸ்பியர் (அழுத்த அளவு) செட்டிங், ஓடியதற்கு 170. ஸ்பிரிங் கொஞ்ச நாளில் தளரும் என்பதால்தான் புதுசுக்குக் கூட்டி வைக்கிறாங்க.

திறக்கும் பிரஷருக்கு 10 அட்மொஸ்பியர் கீழே பிடித்து 10 வினாடி வைங்க. நுனியில் சொட்டு கட்டக் கூடாது. எல்லாத் துவாரத்திலும் ஒரே மாதிரி புகை போலப் பீய்ச்சணும். ஒரு பக்கம் கோடு போல வந்தால் அந்த நொசில் கதை முடிஞ்சது. கையை அதன் முன்னே கொண்டு போகாதீங்க. தோலுக்குள் டீசல் புகுந்தால் சின்ன ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனா நேராக ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

பொருத்தும்போது பிளேன்ஜ் நட்டுகளை 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 நியூட்டன் மீட்டர் அளவில் மாறி மாறி இறுக்குங்க. அடியில் ஈரக் கரியும் புஸ் சத்தமும் வந்தால் வொஷர் சரியாக உட்காரலை.

கந்தப்பளை_மரக்கறி:
நன்றி அண்ணன்மார். மேட்டில் வரும் கருப்புப் புகையும் இதோடு நிற்குமா?

பம்ப்_பெஞ்ச்:
முழுக்க நிற்காது தம்பி. உங்க பக்கத்து நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு. டர்போ இல்லாத இன்ஜின் அந்தளவுக்குக் காற்றைக் குறைவாக இழுக்கும், டீசல் அளவு மட்டும் அப்படியே. கொழும்பு மட்டத்துக்குச் செட் பண்ணிய பம்ப் இங்கே கருப்பாகத்தான் ஊதும். ஏர் கிளீனரைப் பார்த்துட்டு, பம்ப்பின் டீசல் அளவை, பம்ப் சோதிக்கும் பெஞ்சில் குறைக்கச் சொல்லுங்க. சீல் கம்பியை நீங்க அறுக்க வேண்டாம்.

காலை வெள்ளைப் புகைக்கு இன்டேக் மெனிபோல்டில் (காற்று உள்ளே போகும் குழாய்) காற்றைச் சூடாக்கும் தெர்மோஸ்டார்ட்டையும் பாருங்க. சாவியைச் சூடேற்றும் இடத்தில் 15 முதல் 20 வினாடி வைத்தும் அது சூடாகலைன்னா, புது நொசில் போட்டாலும் குளிரில் புகை வரும்.

ஹட்டன்_வேர்க்ஷொப்:
டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியே எடுக்கும் வரிசை: முதலில் பில்டர், பிறகு பம்ப்பின் இரண்டு வென்ட் ஸ்குரூ, கடைசியாக இன்ஜெக்டர் நட்டுகள். பில்டர் நொசிலோடு சேர்த்துப் புதுசு போடுங்க. பழையதில் உள்ள தண்ணீர்தான் இந்த நொசிலையும் தின்றிருக்கும்.