வேலைக்கும் தினசரி பாக்கெட்டுக்கும்: எந்த மல்டிடூல்?

கேபிள்செல்வன்:
நண்பர்களே, சிசிடிவி, நெட்வொர்க் கேபிள் வேலை. டூல் பேக் தனியா இருக்கு. ஏணி மேல நிக்கும்போது இடுப்புலயே ஒரு மல்டிடூல் வேணும், அதாவது பிளேயர், கத்தி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒண்ணா மடங்குற கருவி. அடிக்கடி வர்ற வேலை: கேபிள் டை வெட்டுறது, கேபிள் உறையைச் சீவுறது, ரேக்குல (நெட்வொர்க் சாதனங்களை மாட்டுற இரும்புச் சட்டம்) எம்6 ஸ்க்ரூ (6 மி.மீ.), கேமரா பிராக்கெட்டோட பிளஸ் ஸ்க்ரூ, பின்பக்கம் நட்டைப் பிடிச்சுக்கிறது. லெதர்மேன் வேவ் பிளஸ், லெதர்மேன் ஸ்கெலிடூல், விக்டோரினாக்ஸ் ஸ்விஸ்டூல் ஸ்பிரிட் மூணையும் பார்த்து வச்சிருக்கேன். எதை எடுக்கலாம்?

குறடு:
எத்தனை கருவி இருக்குன்னு எண்ணாதீங்க. ஒரு கை கேபிளைப் பிடிச்சிருக்கும்போது இன்னொரு கையால எதைத் திறக்க முடியும்னு பாருங்க. ஏணி வேலைக்கு அதுதான் முக்கியம்.

வேவ் பிளஸ் 241 கிராம். கத்தி, பல்லுக் கத்தி, ரம்பம், அரம் நாலும் வெளிப்பக்கம். ரெண்டு கத்தியிலயும் கட்டைவிரலுக்கு ஓட்டை இருக்கிறதால ஒரே கையால திறக்கலாம். ஆனா கத்தரியும் பிட் டிரைவரும் (ஸ்க்ரூடிரைவர் முனையான பிட்டை மாத்தி மாத்திச் செருகுற பிடி) உள்பக்கம். அதுக்குக் கைப்பிடியை முழுசா விரிச்சாகணும், ரெண்டு கை வேணும்.

ஸ்பிரிட் கொஞ்சம் இலகு, 210 கிராம் பக்கம். பிளேயரைத் தவிர மத்த எல்லாமே மூடின நிலையிலயே வெளியில இருந்து திறக்கும், எல்லாமே பூட்டிக்கும். கத்தரி அருமையா வெட்டும். குறை என்னன்னா, பெரும்பாலான கருவிகளை நகத்தால இழுக்கணும். கையுறை போட்டா சிரமம். பிளஸ் டிரைவர் உடம்போடயே சேர்ந்தது, முனை தேய்ஞ்சா மாத்த முடியாது.

ஸ்கெலிடூல் 142 கிராம்தான். பாக்கெட்டுல இருக்கிறதே தெரியாது. ஆனா கத்தரி, அரம், ரம்பம் மூணும் கிடையாது. கேபிள் டையை பிளேயரோட வெட்டுவாயாலயே வெட்டிக்கலாம், அதனால கத்தரி இல்லாதது உங்களுக்குப் பெரிய குறை இல்ல. நீங்க எழுதின பட்டியலுக்கு மட்டும்னா ஸ்கெலிடூலே போதும். உலோக டிரங்கிங்கை (கேபிள் ஓடுற பெட்டிக் குழாய்) அறுத்துப் பிசிறு தேய்க்கிற வேலையும் வரும்னா வேவ் பிளஸ்.

ரேக்_ராஜா:
மேலே சொன்னது சரி. ஆனா ஸ்க்ரூ விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும், ஏமாற்றம் அங்கதான் வரும்.

லெதர்மேன்ல வர்றது தட்டையான சொந்த பிட். கடையில கிடைக்கிற 6.35 மி.மீ. அறுகோண பிட் நேரா உள்ள போகாது. அதுக்குன்னு தனியா விக்கிற எக்ஸ்டெண்டரை (பிட்டை நீட்டிக்கிற தண்டு) வாங்கிட்டா சாதாரண பிட் எல்லாம் போடலாம், ஆழத்துல இருக்கிற ஸ்க்ரூவும் எட்டும். அது இல்லாம, குழிக்குள்ள இருக்கிற ஸ்க்ரூவுக்கு மல்டிடூல் உதவாது. அகலமான கைப்பிடி பக்கத்துச் சுவத்துல இடிக்கும், பிட் சாய்ஞ்சு ஸ்க்ரூ தலையைத் தின்னுடும்.

பிராக்கெட் ஸ்க்ரூ வழுக்கினா தலையை உத்துப் பாருங்க. பிளஸ் கோடுகளுக்கு நடுவுல குறுக்கே மெல்லிய கோடுகள் இருந்தா அது போசி டிரைவ். அதுல பிலிப்ஸ் பிட்டை (சாதாரண பிளஸ் முனை) வச்சுத் திருகினா ஒழுங்கா உக்காராது, எவ்வளவு அழுத்தினாலும் வெளியே தள்ளும். போசி டிரைவ் 2-ம் அளவு பிட் ஒண்ணு கூட வச்சுக்கங்க.

கடைசி முறுக்குக்கு மட்டும் ஒரு கைப்பிடியை 90 டிகிரிக்கு மடக்கி எல் மாதிரி பிடிங்க, நல்ல பலம் கிடைக்கும். முழு நீளமும் அப்படியே திருகாதீங்க, அச்சு விலகி மறை கெடும். 24 எம்6 ஸ்க்ரூ போடணும்னா சாதாரண ஸ்க்ரூடிரைவரை எடுங்க.

நட்டைப் பிடிச்சுக்க பிளேயர் சரி. இறுகின நட்டைக் கழட்ட வேண்டாம். ஊசி முனை அதுக்கானது இல்ல, முனை விலகிடுச்சுன்னா அப்புறம் மெல்லிய கம்பியைக்கூடப் பிடிக்காது.

கேபிள்செல்வன்:
எக்ஸ்டெண்டர் விஷயம் தெரியாது, நன்றி. வெட்டுவாய் எவ்வளவு தாங்கும்? ஃபைபர் டிராப் கேபிளும் (கம்பத்துல இருந்து வீட்டுக்கு வர்ற கண்ணாடி இழை கேபிள்) வரும். கேமரா அடாப்டர் பக்கம் 230 வோல்ட் லைனும் இருக்கும்.

குறடு:
செம்புக் கம்பி, கேட்6 நெட்வொர்க் கேபிள், கேபிள் டை தாராளமா வெட்டலாம். டிராப் கேபிள்ல ஓடுற தாங்கு கம்பி எஃகு. அதைப் பிளேயரோட முன்பக்க வெட்டுவாயில வச்சா விளிம்புல பள்ளம் விழும், அப்புறம் மெல்லிய டை கூட அந்த இடத்துல சரியா வெட்டாது. கம்பியை வேர்ப்பக்கம், கீல் கிட்ட இருக்கிற கடின கம்பிப் பள்ளத்துல வைங்க. ஸ்பிரிங் கம்பியை அங்கயும் வேண்டாம். வேவ் பிளஸ்ல வெட்டுவாயைக் கழட்டி மாத்தலாம், உங்க வேலைக்கு அது பெரிய லாபம். ஃபைபருக்குள்ள இருக்கிற மஞ்சள் அராமிட் நூலுக்குத் தனிக் கத்தரி வேணும், இது மென்னு விடும்.

230 வோல்ட் பக்கம் இதைக் கொண்டு போகவே கூடாது. முழுக்க உலோகம். டேப் சுத்துறது, ரப்பர் உறை போடுறது எதுவும் காப்பு ஆகாது. அதுக்கு 1000 வோல்ட், ஐஇசி 60900 (மின்காப்புக் கருவிகளுக்கான சர்வதேசத் தரம்) முத்திரை உள்ள பிளேயரும் டெஸ்டரும் தனியா இருக்கணும். முதல்ல லைனை ஆஃப் பண்ணிச் சோதிச்சுட்டுத்தான் கை வைக்கணும்.

ரேக்_ராஜா:
அப்போ வேவ் பிளஸ், கூடவே எக்ஸ்டெண்டர்.

வாங்கும்போது பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. முனை ரெண்டும் ஒண்ணா சேரணும், வெட்டுவாய் வழியா வெளிச்சக் கீற்று வரக்கூடாது. கத்தியைத் திறந்து பக்கவாட்டுல அசைச்சுப் பாருங்க. எடையும் போட்டுப் பாருங்க, 241 கிராமுக்கு ரொம்ப விலகினா போலியா இருக்கலாம்.

சுவர்ல துளை போடுற தூசி கீலுக்குள்ள போய் இறுகும். அது மேல எண்ணெய் விட்டா தூசியோட சேர்ந்து பசையாகி இன்னும் அரைக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில முக்கித் திறந்து மூடி, பல் துலக்கும் பிரஷால தேய்ச்சு, நல்லா காய வச்சு, கீலுக்கு ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். மிச்சத்தைத் துடைச்சிடுங்க. ஸ்டெயின்லெஸ்தான், ஆனா வியர்வையில நனைஞ்ச தோல் உறையிலயே கிடந்தா செம்புள்ளி வரும். ராத்திரி உறையை விட்டு வெளியே எடுத்து வைங்க.

வெளியூர் வேலைக்கு விமானத்துல போனா செக்-இன் பையில போடுங்க, கத்தி இருக்கிறதால கைப்பையில விடமாட்டாங்க.