ரெக்கவரி வண்டியின் பின் சக்கர பிரேக் லைனர்: எது வாங்கலாம்?

வணக்கம். தருமபுரி பக்கம் பழுதான லாரிகளை இழுக்கும் 10 டயர் ரெக்கவரி வண்டி எங்களுடையது. முழு ஏர் பிரேக், எஸ்-கேம் டிரம் (S வடிவ கேம் திரும்பி, லைனர் ஒட்டிய ஷூவை டிரம்மின் உட்புறம் அழுத்தும் வகை). லோடு லாரியின் முன்பக்கத்தைத் தூக்கினால் எடையெல்லாம் பின் ஆக்சில்களில் உட்கார்ந்துவிடும், நம் முன் சக்கரம் லேசாகிவிடும். அப்படியே தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, எக்ஸாஸ்ட் பிரேக் (புகை போகும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகம் குறைப்பது) போட்டாலும் பின் டிரம் கொதிக்கிறது.

இப்போது லைனர் (டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டை) ரிவெட் தலைவரை தேய்ந்துவிட்டது. டிரம்மிலும் வெடிப்புகள். லேத்தில் கடைந்து ஓவர்சைஸ் (தடிமன் கூடிய) லைனர் போடலாம் என்கிறார் மெக்கானிக். கடைந்தால் டிரம் மெலிந்து இன்னும் சீக்கிரம் சூடேறுமே, அதுவும் வெடிப்பு விட்டதை! எனக்கு மனம் ஒப்பவில்லை. புது டிரம்தான், இரண்டு பக்கமும் ஜோடியாக.

லைனரில்தான் குழப்பம். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாததில், சூட்டிலும் பிடிமானம் குறையாத ரகம் எது? மலைப்பாதையில் டிப்பர் ஓட்டும் அண்ணன்மார் யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? விலை கூடினாலும் பரவாயில்லை.

அப்புறம், கையால் திருகும் ஸ்லாக் அட்ஜஸ்டரை (லைனர் தேயத் தேய டிரம்முடன் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) ஆட்டோவாக மாற்ற நினைக்கிறேன். கேம் ஷாஃப்ட் பல் எண்ணிக்கை, அட்ஜஸ்டரின் கை நீளம் தவிர வேறென்ன பார்க்க வேண்டும்? சேலத்தில் அசல் சாமான் கிடைக்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.