பாலாமையை நேரில் கண்டவர்களின் அனுபவங்கள்

பட்டுக்கோட்டைப் பக்கத்து ஏரி ஒன்றில், மே மாதக் கடைசியில் வண்டல் அள்ளிக்கொண்டிருந்தபோது, பொக்லைன் வாளியிலிருந்து கொட்டிய மண்கட்டிகளோடு ஒரு பாலாமையும் விழுந்தது. செத்துவிட்டது என்றார் ஒருவர். தண்ணீர் தேடி வழி தவறியிருக்கும், ஊர்க்கிணற்றில் விட்டுவிடலாம் என்று இன்னொருவர் சாக்கை எடுத்து வந்தார். இரண்டுமே சரியல்ல. ஏரி வற்றும்போது சேற்றைத் தோண்டி உள்ளே புகுந்து, மழையோ ஆற்றுத் தண்ணீரோ வரும்வரை அசையாமல் கிடப்பது இந்த ஆமைக்கு வழக்கமான கோடைக்காலம்.

மல்லாத்திப் பார்த்தால்தான் இதன் அமைப்பு விளங்கும். வெளிறிய வயிற்றோட்டின் பின்பகுதியில் இருபுறமும் தோல் மடல் உண்டு. பின்னங்கால்களை உள்ளே இழுத்துக்கொண்டதும் அந்த மடல்கள் கதவு சாத்துவதுபோல் மேலெழுந்து இடைவெளியை அடைத்துவிட்டன. முன்பக்கத்தை வயிற்றோட்டின் முன்துண்டே மடங்கி மூடுகிறது. மேலோட்டில் செதில் தகடுகள் கிடையாது. வழவழப்பான தோல்தான் போர்த்தியிருக்கும். ஒவ்வொரு காலிலும் மூன்றே நகங்கள். கங்கைச் சமவெளியில் காணப்படும் பாலாமைகளுக்கு முதுகில் மஞ்சள் புள்ளிகள் இருக்கும். நம் பக்கத்து ஆமை புள்ளியற்ற பழுப்பு அல்லது சாம்பல் பச்சை நிறம். 2020 ஜூலையில் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பிடிபட்டு எல்லோரும் பகிர்ந்த மஞ்சள் ஆமையும் இதே இனம்தான், நிறமிக் குறைபாட்டோடு பிறந்தது. அதைப் புது இனம் என்று எழுதியவர்களை என்ன சொல்வது!

கிணற்றில் விடும் பழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செங்குத்தான சுவர் கட்டிய கிணற்றிலிருந்து ஆமை ஏறி வர முடியாது. வெயில் காயவும் முட்டையிடவும் அதற்குக் கரை வேண்டும். எனவே அந்த ஆமையை வேலை நடக்காத ஓரத்தில், ஈரப்பதம் மிஞ்சியிருந்த கோரைப் புதரடியில் வைத்தோம். சிறிது நேரம் தலையை வெளியே காட்டவில்லை; பிறகு முன்னங்கால்களால் மண்ணைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி, முதுகு மறையும்வரை இறங்கிவிட்டது.

மறுமொழி, சிவகங்கை மாவட்டத்திலிருந்து:

எங்கள் கண்மாயில் நான் இவற்றைப் பார்ப்பது ஐப்பசி மழைக்குப் பிறகு, பெரும்பாலும் இருட்டும் நேரத்தில். செத்து ஒதுங்கிய கெண்டை மீனை ஒரு பாலாமை முன்னங்காலால் அழுத்திப் பிடித்து, கழுத்தை நீட்டிக் கிழித்துத் தின்றதைக் கரையில் நின்றே பார்த்திருக்கிறேன். நத்தை, தவளை, தலைப்பிரட்டை, நீர்ச்செடி எதையும் விடாது. ஓட்டைவிடக் கழுத்துக்குப் பயப்பட வேண்டும். நினைப்பதைவிட நீளமாகப் பின்னால் வளைந்து கடிக்கும், ஆகவே தூக்கத்தான் வேண்டுமென்றால் ஓட்டின் பின்விளிம்பைப் பிடிப்பதே நல்லது.

கறிக்காகச் சேற்றில் கம்பி குத்தித் தேடுகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாலாமை இருக்கிறது என்பதும், பிடித்தால் சிறை என்பதும் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அதனால் கண்மாய் வற்றும் மாதங்களில் ஆமை கிடந்த இடத்தைப் படத்தோடு பொதுவில் போடாமல், வனத்துறைக்கு மட்டும் தெரிவிக்கும்படி இங்குள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.