பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புயல்: பாதை திரும்பியது ஃபுஜிவாராவாலா என்று எப்படி உறுதிப்படுத்துவது?

மழைநோக்கி:
இரண்டு புயல்கள் 1,400 கி.மீ.க்குள் வந்தாலே ஃபுஜிவாரா விளைவு தொடங்கிவிடும், சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒரே பெரிய புயலாகச் சேர்ந்துவிடும் என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். பழைய பாதை வரைபடங்களைப் புரட்டினால், 1,000 கி.மீ. இடைவெளியிலும் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் போன ஜோடிகள் இருக்கின்றன. தூரத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாதா? மையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை மட்டும் கையில் இருந்தால் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

சுழல்மானி:
தூரம் பாதிக் கதைதான். புயலை நகர்த்துவது அதைச் சுற்றியுள்ள காற்றோட்டம். பக்கத்துப் புயலின் வெளிவட்டக் காற்று அந்த ஓட்டத்தில் ஒரு பங்கு, அவ்வளவே. ஒவ்வொரு புயலும் மற்றதன் மையத்தில் எவ்வளவு காற்றை வீச வைக்கிறது என்று பாருங்கள். இரண்டையும் கூட்டி, இடைத்தூரத்தால் வகுத்தால் சுற்றும் வேகம் கிடைக்கும்.

1,000 கி.மீ. இடைவெளியில் ஒவ்வொன்றும் விநாடிக்கு 5 மீட்டர் என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு ஏழு நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் மற்ற காற்றோட்டங்கள் ஜோடியைப் பிரித்துவிடும். அதுவே 500 கி.மீ. இடைவெளியில் 8 மீட்டர் என்றால் இரண்டேகால் நாள் போதும். நீங்கள் பார்த்த ஜோடிகள் பல சும்மா கடந்து போனது இதனால்தான்.

புயலின் கண்ணைச் (நடுவிலுள்ள அமைதியான பகுதியை) சுற்றியுள்ள உச்சக் காற்று இங்கே கணக்கில் வராது. மணிக்கு 200 கி.மீ. வேகமுள்ள சிறிய புயலைவிட, பரந்து விரிந்த நடுத்தரப் புயலின் பிடி நீளும். சுழற்சி வலிமை 3:1, இடைவெளி 800 கி.மீ. என்றால், இரண்டும் சுற்றும் பொது மையம் பெரியதிலிருந்து 200 கி.மீ., சிறியதிலிருந்து 600 கி.மீ. தள்ளி இருக்கும். பெரியதும் நகரும், ஆனால் கண்ணில் படுவது சிறியதன் வளைவுதான். 2012 ஆகஸ்டில் வந்த போலாவன், தெம்பின் ஜோடியைப் பாருங்கள்: போலாவன் பெரிய புயல், கொரியா பக்கம் போய்விட்டது. சிறியதான தெம்பின் தெற்கு தைவானைத் தாக்கிக் கடலில் ஒரு வளையம் போட்டுத் திரும்பி வந்து மறுபடியும் தாக்கியது.

வரைபடக்காரன்:
மைய இடங்கள் இருந்தாலே பாதிச் சோதனை செய்துவிடலாம். இரண்டு பாதைகளையும் கடல் வரைபடத்தில் போட்டால் ஒன்றும் புரியாது, இரண்டும் சேர்ந்து நகரும் பொது நகர்வு எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஒரு புயலை அசையாமல் நிறுத்தி, அங்கிருந்து மற்றது எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று 6 மணிக்கொரு தடவை குறியுங்கள். அட்சரேகை வித்தியாசம் ஒரு டிகிரிக்கு 111 கி.மீ.; தீர்க்கரேகைக்கு 111-ஐ அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். இந்தப் பெருக்கலை விட்டால் கோணமே தப்பாகிவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கு. முதல் நாள்: அ 18.0 வடக்கு, 128.0 கிழக்கு; ஆ 20.0 வடக்கு, 136.0 கிழக்கு. இடைத்தூரம் சுமார் 870 கி.மீ., ஆ இருப்பது கிழக்கிலிருந்து 15 டிகிரி வடக்கே. மறுநாள்: அ 17.5, 129.0, ஆ 22.0, 135.5. தூரம் 840, கோணம் 36 டிகிரி. ஒரு நாளில் 21 டிகிரி இடஞ்சுழி, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. வடக்கு அரைக்கோளத்தில் ஃபுஜிவாரா திருப்புவதும் இந்தப் பக்கம்தான். இவ்வளவு திரும்ப இரண்டு புயல்களின் காற்றும் சேர்ந்து விநாடிக்குச் சுமார் 3.7 மீட்டர் இருந்தாலே போதும். அந்தத் தூரத்தில் அவ்வளவு காற்று உண்மையில் இருக்கிறதா என்பதைச் செயற்கைக்கோள் காற்றுத் தரவில் பார்க்க வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பருவமழைத் தாழ்வு நிலைப் பகுதிக்குள் தெற்கே மேற்குக் காற்று, வடக்கே கிழக்குக் காற்று. தென்மேற்கு–வடகிழக்காக நிற்கும் இரண்டு புயல்களை அந்தக் காற்றே இடஞ்சுழியாகத் திருப்பும், ஃபுஜிவாராவே தேவையில்லை. உயர் அழுத்த மண்டலத்தின் இருபுறமும் நிற்கும் ஜோடிக்கு நேர் எதிர்: சூழல் வலஞ்சுழியாகத் திருப்பப் பார்க்கும். அதை மீறியும் இடஞ்சுழி தெரிந்தால், அது வலுவான சான்று.

மழைநோக்கி:
தெற்கு அரைக்கோளத்தில் திசை மாறுமா? சேர்ந்தால் வலிமை கூடுமா?

சுழல்மானி:
மாறும், அங்கே வலஞ்சுழி. 2021 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் மேற்கே செரோஜா, ஒடெட் என்ற இரண்டு புயல்களும் அப்படித்தான் சுற்றின. ஒடெட் செரோஜாவுக்குள் கரைந்தது. செரோஜா மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரை ஊரான கல்பாரி அருகே கரை ஏறியது.

வலிமை கூடுவது அபூர்வம். 300 கி.மீ.க்குள் நெருங்கினால் சிறியது இழுபட்டு, நீண்ட மேகப் பட்டையாகிப் பெரியதைச் சுற்றிக்கொள்ளும். பல சமயம் அதற்கு முன்பே, பெரியதன் உச்சியிலிருந்து வெளியேறும் காற்று சிறியதன் இடிமேகங்களை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். விண்ட் ஷியரில் (உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறுவதில்) மேகம் ஒரு பக்கம், மையம் ஒரு பக்கம் என்று ஆகும்.

அப்படி ஆனதும் பாதைக் கணிப்பையும் மாற்ற வேண்டும். உயரமான, வலுவான புயலை 850 முதல் 200 ஹெக்டோபாஸ்கல் வரையிலான (காற்றழுத்த அளவு; எண் குறையக் குறைய உயரம் கூடும்) சராசரிக் காற்று ஓட்டுகிறது. மேகம் கழன்ற புயலை 850–700 மட்டத்துக் காற்றுதான் ஓட்டும். சிறியது எப்போது தளரும் என்பதில் மாடல்கள் ஒத்துப்போகவில்லையென்றால், என்செம்பிள் பாதைகள் (தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பலமுறை கணித்த பாதைகள்) விசிறியாக விரியும். அப்போது நடுக்கோட்டை நம்பாமல், ஒவ்வொரு கோட்டிலும் அந்தப் புயல் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று பார்த்து, வலுவானவை ஒரு கூட்டம், தளர்ந்தவை ஒரு கூட்டம் எனப் பிரித்துப் படியுங்கள்.