சிபிஎஃப் உசத்தியா, ஜெர்மனி பென்ஷன் உசத்தியா?

தெம்பனீஸ்வாசி:
வயசானவர்களை ஐரோப்பாக்காரன்தான் ஒழுங்காகக் கவனிக்கிறான் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. இங்கே சிங்கப்பூரில் சம்பளத்தில் என் பங்கு 20%, முதலாளி பங்கு 17%, ஆக 37% என் பெயரிலேயே மத்திய சேமநிதியில், அதாவது சிபிஎஃப்பில் விழுகிறது. வீவக என்னும் அரசு அடுக்குமாடி வீட்டுத் தவணை அதிலிருந்தே போகிறது, ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதிலேயே மெடிசேவ் என்ற தனிக் கணக்கு இருக்கிறது. என் காசு, என் கணக்கு. ஜெர்மனியில் இன்றைக்கு உழைப்பவன் கட்டுவதை இன்றைக்கே பெரியவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள், உண்டியலில் எதுவும் சேர்வதில்லை. பிள்ளை பெறுவதே குறைந்துபோன நாட்டில் இது எத்தனை நாள் ஓடும்?

பிராங்க்ஃபர்ட் அக்கா:
எங்கள் பழைய பிரதமர் பிஸ்மார்க் 1889-ல் சட்டம் போட்டார், இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது தம்பி. நீங்கள் சொல்லும் உண்டியல் இங்கேயும் இருந்தது. 1923 பணவீக்கத்தில் அதில் இருந்ததெல்லாம் வெறும் காகிதமானது, அப்புறம் போர் வந்து மிச்சத்தையும் துடைத்துவிட்டது. பட்ட பிறகுதான் 1957-ல் இந்த முறைக்கு வந்தார்கள். இப்போது சம்பளத்தில் 18.6% பிடிக்கிறார்கள், அதில் என் பாதி 9.3, மீதி முதலாளி. இரண்டு பிள்ளைகளுக்காக நான் வீட்டில் இருந்தேன். ஒரு பிள்ளைக்கு மூன்று வருஷம், சராசரிச் சம்பளம் வாங்கியதுபோலவே கணக்கில் ஏற்றிவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு ஒரு புள்ளி, 2025 ஜூலை நிலவரப்படி புள்ளிக்கு மாதம் 40.79 யூரோ. ஆறு புள்ளி என்றால் கிட்டத்தட்ட 245 யூரோ, சாகும்வரை. வீட்டோடு இருக்கும் பெண்ணுக்கு உங்கள் சிபிஎஃப்பில் முதலாளி என்ன போடுவார்?

தெம்பனீஸ்வாசி:
கணவர் தன் கணக்கிலிருந்து மாற்றிவிடலாமே. சாகும்வரை தருவது எங்களிடமும் உண்டு, 2009-லிருந்து சிபிஎஃப் லைஃப் என்ற மாதாந்திரத் தொகை. கணக்கில் குறைவாக உள்ள முதியவர்களுக்கு 2016 முதல் சில்வர் சப்போர்ட் என்ற அரசு உதவித்தொகையும் இருக்கிறது. உங்கள் ஊரில் சந்தா போதாமல் வரிப்பணத்திலிருந்து வருஷத்துக்கு 100 பில்லியன் யூரோவுக்கு மேல் கொட்டுகிறார்கள், ஓய்வு வயதையும் 2031-க்குள் 67 ஆக்குகிறார்கள். இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை?

பிராங்க்ஃபர்ட் அக்கா:
கணவர் மாற்றிவிடலாம், சரி. மாற்றாத கணவர்? 67 எனக்கும் கசக்கிறதுதான். ஆனால் அந்த வரிப்பணத்தில் ஒரு பகுதி என்னைப்போல் பிள்ளை வளர்த்தவர்களுக்காகவே வருகிறது. அதை ஓட்டை என்று சொல்வீர்களா?

ஈப்போக்காரன்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் மலேசிய இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி, 1951-லேயே வந்தது, உங்கள் சிபிஎஃப்புக்கு அண்ணன். "என் காசு, என் கணக்கு" என்று நாங்களும்தான் பெருமை பேசினோம். கோவிட் வந்ததும் 2020-லிருந்து 2022 வரை தவணை தவணையாக எடுக்க விட்டார்கள், சுமார் 145 பில்லியன் ரிங்கிட் வெளியே போனது. எடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் அரிசி வாங்க வேண்டுமே. 55 வயதானால் மொத்தமாகவே எடுக்கலாம். என் மாமா அப்படித்தான் எடுத்தார், மகள் கல்யாணம், ஒரு பழைய கார், வீட்டுக் கூரை. அவருக்கு இப்போது 63, ராத்திரி ஜாகா வேலை, அதாவது காவல் வேலை பார்க்கிறார். தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதைத் தனி ஆளின் தலையில் கட்டினால் இப்படித்தான் ஆகும். சிங்கப்பூர் மொத்தமாக எடுக்க விடாமல் பூட்டு போட்டு வைத்திருக்கிறது, அந்த மட்டில் புத்திசாலித்தனம்தான்.

தெம்பனீஸ்வாசி:
அதைத்தானே அண்ணே நானும் சொல்கிறேன்! பூட்டு இருக்கிறது என்று இங்கே திட்டுகிறவர்கள் உங்கள் மாமாவைப் பார்க்க வேண்டும்.

பட்டுக்கோட்டை பையன்:
எல்லாரும் பெரிய கணக்கு பேசுகிறீர்கள். ஏழு வருஷம் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தேன், ஒர்க் பெர்மிட். எனக்கு சிபிஎஃப் ஒரு காசு கிடையாது. அடிபட்டால் இழப்பீடு உண்டு, அது சட்டம். மற்றபடி அனுப்பிய பணம்தான், வீட்டைக் கட்டினேன், முடிந்தது. ஜெர்மனியில் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன செய்கிறார்கள் அக்கா?

பிராங்க்ஃபர்ட் அக்கா:
இங்கே உள்ள கம்பெனியில் வேலை என்றால் வெளிநாட்டவர் சம்பளத்திலும் அதே 9.3 பிடிப்பார்கள், முதலாளியும் அதே அளவு கட்டுவார். ஐந்து வருஷம் கட்டிவிட்டால் முதுமையில் பென்ஷன் உரிமை உண்டு, இந்தியாவோடு ஒப்பந்தம் இருப்பதால் பட்டுக்கோட்டையில் உட்கார்ந்தே வாங்கலாம். ஏழு வருஷம் என்றால் பெரிய தொகை வராது, ஆனால் மாதாமாதம் வரும்.

தெம்பனீஸ்வாசி:
தம்பி, உங்களுக்காக முதலாளி மாதாமாதம் லெவி, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளருக்கான தீர்வை கட்டினாரே.

பட்டுக்கோட்டை பையன்:
கட்டினார் அண்ணே, அரசாங்கத்துக்கு. என் பெயரிலா கட்டினார்?

தெம்பனீஸ்வாசி:
இல்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 67 வயதுவரை என்னால் உழைக்க முடியாது அக்கா.